வீட்டு ஓவன்: கேஸா, கரண்டா? சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஒரே பதில் கிடையாது

சமையலறையைப் புதுப்பிக்கிறவர்கள் பெரும்பாலும் ஓவனைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். கிரானைட் கலர் முடிவாகி, சிமினி வாங்கி, ஆசாரி பிளைவுட் அறுக்கத் தொடங்கிய பிறகு, "அப்படியே ஒரு ஓவனையும் உள்ளே வைத்துவிடலாமே" என்று பேச்சு வரும். அடுத்த கேள்வி, கேஸா கரண்டா. கடைக்காரரைக் கேட்டால் அவரிடம் இருப்பதைச் சொல்வார். சொந்தக்காரர்களைக் கேட்டால் அவரவர் வீட்டில் இருப்பதைச் சொல்வார்கள். உங்கள் வீட்டு ஒயரிங் எப்படி இருக்கிறது, வோல்டேஜ் எவ்வளவு வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. இந்த முடிவில் முதலில் பேச வேண்டியதே அதுதான்.

என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். சேலம் டவுனுக்குள், அழகாபுரமோ அஸ்தம்பட்டியோ சூரமங்கலமோ, அலமாரிக்குள் பதிக்கிற ஓவன் என்றால் கரண்ட் ஓவன்தான். ஏற்காட்டில் வோல்டேஜ் நிலையாக இருக்கும் வீட்டுக்கும் அதுவேதான். வோல்டேஜ் தாங்காத, மழைக்காலத்தில் அடிக்கடி கரண்ட் போகிற மலைவீட்டுக்கு கேஸ் ஓவன் நல்ல தேர்வு. ஆனால் அதை மரப்பெட்டிக்குள் பதிக்க வேண்டாம்; மேலே பர்னரும் கீழே ஓவனுமாகத் தரையில் நிற்கும் குக்கிங் ரேஞ்சாக வாங்குங்கள். நான் இருப்பது சேலத்தில். என் தங்கை கல்யாணமாகிப் போனது ஏற்காட்டுக்கு. இரண்டு வீட்டிலும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் சமையலறை வேலை நடந்ததால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதுகிறேன்.

கடைக்குப் போனால் முதலில் தெரிய வருவது ஒன்று: நம் ஊரில் பில்ட்-இன் ஓவன் என்றாலே அது கரண்ட் ஓவன்தான். பத்து மாடல் வரிசையாக வைத்திருக்கும் ஷோரூமில்கூட கேஸில் ஓடும் பில்ட்-இன் ஓவன் ஒன்று இருந்தால் அதிகம். பெரும்பாலும் ஆர்டர் கொடுத்துத்தான் வரவழைக்க வேண்டும். இது வெறும் கடை விஷயம் கிடையாது. விற்பனை குறைவு என்றால் ஸ்பேர் பார்ட்ஸும் குறைவு, அதைப் பிரித்துப் பார்த்துப் பழகிய மெக்கானிக்கும் குறைவு. கரண்ட் ஓவனில் சூடு தரும் எலிமெண்ட் போனாலும் தெர்மோஸ்டாட் போனாலும் ஓரளவு கைதேர்ந்த எலக்ட்ரீஷியன் கண்டுபிடித்துவிடுவார். கேஸ் ஓவனில் சுடரின் சூட்டை உணரும் தெர்மோகப்பிளையும், கேஸ் வெளிவரும் துளையான நாசிலையும் அப்படி எல்லாரும் தொட முடியாது, தொடவும் விடக்கூடாது.

சரி, வோல்டேஜுக்கு வருவோம்.

பதிக்கிற ஓவன்கள் பொதுவாக 60 முதல் 75 லிட்டர் வரை இருக்கும். 2,500 முதல் 3,500 வாட் வரை கரண்ட் எடுக்கும். 3,000 வாட் ஓவன் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். மிக்ஸிக்குப் போட்ட பிளக்கில் இதைச் சொருகக் கூடாது. 16 ஆம்பியர் பவர் பிளக், மெயின் போர்டிலிருந்து வேறு எதற்கும் கிளை பிரியாமல் நேராக வரும் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், அதற்கென்றே ஒரு எம்.சி.பி. (லோடு மீறினால் தானாக அணையும் ஸ்விட்ச்), உருப்படியான எர்த்: இவ்வளவும் வேண்டும். சேலத்தில் இருபது முப்பது வருடத்துக்கு முன் கட்டிய வீடுகளில் சமையலறைக்கு ஒரே ஒரு லைன்தான் இழுத்திருப்பார்கள். கிரைண்டரும் ஃபிரிட்ஜும் அதில்தான் ஓடும். அங்கே புது லைன் இழுக்காமல் ஓவன் வைப்பது ஆபத்து. ஏ.சி., கீசர், ஓவன் மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் மீட்டருக்கு அனுமதித்த லோடைத் தாண்டுமா என்பதையும் இ.பி. செக்‌ஷன் ஆபீசில் ஒரு தடவை கேட்டுவிடுவது நல்லது.

இந்த வேலை எல்லாம் பணம் கொடுத்தால் முடிந்துவிடும். மலை வீடுகளில் சிக்கல் வேறு. தங்கை வீடு மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, காபித் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வெகு தூரம். எலக்ட்ரீஷியன் வந்து சமையலறைப் பிளக்கில் மல்டிமீட்டரை வைத்தபோது 208 காட்டியது. "இது சும்மா இருக்கும்போது காட்டுறது, அக்கா. லோடு போட்டுப் பார்த்தாத்தான் உண்மை தெரியும்" என்று சொல்லிவிட்டு, குளியலறைக் கீசரைப் போடச் சொன்னார். முள் இல்லாத மீட்டர்தான், ஆனால் எண் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது: 201, 193, கடைசியில் 184-ல் வந்து நின்றது. கீசர் 2,000 வாட். ஓவன் அதைவிடப் பெரியது.

184 வோல்ட் என்றால் 230-ல் ஐந்தில் நான்கு பங்கு. ஐந்தில் ஒரு பங்குதானே குறைகிறது, கொஞ்சம் மெதுவாகச் சூடாகும், அவ்வளவுதானே என்று தோன்றும். அப்படி இல்லை. எலிமெண்ட் தரும் சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. வோல்டேஜ் 80 சதவீதமானால் சூடு 64 சதவீதமாகிவிடும். 3,000 வாட் என்று காசு கொடுத்து வாங்கிய ஓவன் அங்கே 1,900 வாட் ஓவனாகத்தான் வேலை செய்யும். முன்சூடாக்க ஆகும் நேரம் நீளும். கதவைத் திறந்து டிரே வைத்ததும் இறங்கிய சூடு மேலே ஏறத் திணறும். பிஸ்கட் சிவப்பதற்குள் காய்ந்துவிடும்.

இங்கேதான் ஒரு நல்ல எலக்ட்ரீஷியனின் அருமை தெரிகிறது. அவர் கீசரை ஓட விட்டபடியே மீட்டர் பெட்டிக்குப் போய் அங்கேயும் அளந்தார். அங்கே 196. அதாவது 184-க்கும் 196-க்கும் இடையிலான 12 வோல்ட் வீட்டுக்குள் ஓடும் பழைய ஒயரில் தொலைகிறது; அதை ஒயர் மாற்றி மீட்டுவிடலாம். மீட்டர் வரை வருவதற்குள் குறைவது கம்பத்திலிருந்து வரும் லைனின் பிரச்சினை. அதற்கு நாம் மனு கொடுத்துக் காத்திருக்க வேண்டியதுதான். ஓவன் வாங்கப் போகிற யாரும், சாயந்திரம் ஏழு மணிக்கு மேல், ஊரே விளக்கும் கீசரும் போட்டிருக்கும் நேரத்தில், இந்த இரண்டு இடத்தையும் லோடோடு அளந்து பார்த்துவிடுங்கள். பகல் பதினொரு மணிக்கு அளந்தால் எல்லா வீடும் நல்ல வீடுதான்.

ஸ்டெபிலைசர் போட்டால் சரியாகிவிடாதா என்று தங்கை கேட்டாள். 3,000 வாட் ஓவனுக்கு 5 கே.வி.ஏ. ஸ்டெபிலைசர் வேண்டும், விலையும் இடமும் ஒரு பக்கம். பெரிய சங்கடம் என்னவென்றால், குறைந்த வோல்டேஜைத் தூக்கிக் கொடுக்க அது லைனிலிருந்து இன்னும் அதிக ஆம்பியர் இழுக்கும். ஏற்கெனவே திணறும் ஒயர் மேலும் சூடாகும். லைனில் வோல்டேஜ் கொஞ்சம் ஏறி இறங்குகிறது என்றால் ஸ்டெபிலைசர் உதவும். ஒயரே மெலிசு என்றால் உதவாது. இன்வெர்ட்டரில் ஓவன் ஓட்டும் எண்ணத்தை அடியோடு விட்டுவிடுங்கள்.

அப்போது கேஸ்தானே பதில்? அதற்கும் ஒரு விலை உண்டு.

கேஸ் ஓவன் என்பது மூடிய பெட்டிக்குள் எரியும் அடுப்பு. எரிவதற்குக் காற்று உள்ளே வர வேண்டும், எரிந்த புகை வெளியே போக வேண்டும். தரையில் நிற்கும் ரேஞ்சில் பின்பக்கமும் பக்கவாட்டும் திறந்திருப்பதால் இது தானாக நடந்துவிடும். அலமாரிக்குள் பதித்தால், உற்பத்தியாளர் சொன்ன அளவில் காற்று வழி விட்டாக வேண்டும். ஆசாரி "அழகா இருக்கட்டும்" என்று அந்த இடைவெளியை ஒரு பட்டை அடித்து மூடிவிட்டால் தீர்ந்தது கதை. காற்று போதாமல் எரியும் கேஸ் கார்பன் மோனாக்சைடை வெளிவிடும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. சிலிண்டர் கசிந்தால் மூக்கில் ஏறும் நாற்றம், கசிவைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே சேர்க்கிற மெர்காப்டன். எரிந்த பிறகு அந்த எச்சரிக்கையும் இருக்காது. சேலத்து வீடுகளில் ஜன்னல் எப்போதும் திறந்தே கிடக்கும். ஏற்காட்டில் டிசம்பர் மாதம் பனி உள்ளே வராமல் எல்லா ஜன்னலையும் சாத்தி வைப்பார்கள். கிறிஸ்துமஸ் கேக்குக்காக ஓவன் மணிக்கணக்கில் எரிவதும் அந்த மாதம்தான். இது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது, ஆகவே அழுத்திச் சொல்கிறேன்: கேஸ் ஓவன் எரியும்போது ஒரு ஜன்னலாவது திறந்திருக்க வேண்டும், குளிரைப் பார்க்காதீர்கள்.

அடுத்தது டியூப். நம் வீட்டு சிலிண்டருக்கு ஏஜென்சி தரும் ஆரஞ்சு நிற சுரக்‌ஷா டியூப் ஒன்றரை மீட்டர் நீளம்தான். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சுவருக்குள்ளோ கண்ணுக்குத் தெரியாத இடத்திலோ அதைக் கொண்டுபோகக் கூடாது. பதித்த ஓவனுக்கு கேஸ் இணைப்பு எங்கே வரும்? ஓவனுக்குப் பின்னால், சூடான, பார்க்க முடியாத இடத்தில். அங்கே ரப்பர் டியூப் விடவே கூடாது. செம்புக் குழாய் போட்டு, கைக்கு எட்டும் இடத்தில் தனி வால்வு வைத்து, கசிவு சோதனை செய்து தரும் ஆளிடம்தான் வேலையைக் கொடுக்க வேண்டும். இவ்வளவையும் முறையாகச் செய்தால் பதிக்கிற கேஸ் ஓவன் பாதுகாப்பானதே. முறையாகச் செய்ததா என்று பத்து வருடம் கழித்தும் பார்க்க முடியாத இடத்தில் அது இருக்கிறது என்பதுதான் என் தயக்கத்துக்குக் காரணம். ரேஞ்சை இழுத்துப் பார்த்துவிடலாம்.

வெளிநாட்டு மாடல் என்றால் இன்னொன்றைக் கவனியுங்கள். சில ஓவன்கள் குழாயில் வரும் இயற்கை எரிவாயுவுக்கான நாசிலோடு வரும். நம் சிலிண்டர் எல்.பி.ஜி. அழுத்தமும் வேறு, வாயுவும் வேறு. எல்.பி.ஜி. நாசில் மாற்றாமல் பற்றவைத்தால் சுடர் அளவுக்கு மீறிப் பெரிதாக எரியும். சேலம் மாவட்டத்துக்கும் குழாய் எரிவாயுத் திட்டம் இருப்பதால், பின்னால் அந்த இணைப்பு வாங்க நினைக்கிறவர்கள் இரண்டு நாசில் செட்டையும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

மலையில் இன்னொரு விஷயமும் சேர்கிறது: உயரம். சேலம் கடல் மட்டத்துக்கு மேல் முந்நூறு மீட்டருக்குள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் காற்றின் அழுத்தம் கடலோரத்தில் இருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதே அளவு கேஸுக்கு அங்கே கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு. சாதாரண அடுப்பில் இது பெரிதாகத் தெரியாது. சுடர் நுனியில் மஞ்சள் எட்டிப் பார்க்கும், பாத்திரத்தின் அடி கொஞ்சம் கரி பிடிக்கும். ஓவனுக்குள் அந்த மஞ்சள் சுடர் வரக் கூடாது. பர்னரின் காற்றுத் திறப்பை மெக்கானிக் அங்கேயே, மலையிலேயே வைத்துச் சரிசெய்ய வேண்டும். கீழே சேலத்தில் டெஸ்ட் செய்துவிட்டு ஏற்றி அனுப்பினால் போதாது. கரண்ட் ஓவனுக்கு இந்தக் கவலை கிடையாது. எலிமெண்டுக்கு உயரம் தெரியாது.

உயரம் கேக்கைத்தான் இரண்டு ஓவனிலும் ஒன்றுபோலப் பாதிக்கும். ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். காற்றழுத்தம் குறைவு என்பதால் கேக் சீக்கிரம் பொங்கி, உள்ளே வேகும் முன்பே அமிழ்ந்துவிடும். பேக்கிங் பவுடரைக் கால் பங்கு குறைத்து, பாலை இரண்டு மூன்று ஸ்பூன் கூட்டி, ஓவன் சூட்டைப் பத்து டிகிரி ஏற்றி வைத்தால் சரியாக வரும். அந்தப் பத்து டிகிரி என்பது கரண்ட் ஓவனில் குமிழைத் திருப்பினால் முடிந்தது. பல கேஸ் ஓவன்களில் குமிழில் எண்கள்தான் இருக்கும், அவற்றுக்கு இடையே பத்து டிகிரியைப் பிடிப்பது கைப்பழக்கம். எந்த ஓவன் வாங்கினாலும் உள்ளே தொங்கவிடும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். சில நூறு ரூபாய்தான், ஓவன் உண்மையில் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று காட்டிவிடும்.

என்ன சமைக்கப் போகிறீர்கள் என்பதிலும் இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் இருக்கிறது. கேஸ் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது. ஒரு கிலோ எல்.பி.ஜி. எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி வரும். அதனால் கேஸ் ஓவனின் சூடு ஈரச்சூடு. முழுக்கோழியை வைத்தால் சதை வறண்டுபோகாது. பழக் கேக் நீண்ட நேரம் வெந்தாலும் மேல்புறம் காய்ந்து வெடிக்காது. தங்கையின் மாமியார் பழைய கேஸ் ரேஞ்சில் சுட்ட கேக்கை நினைத்து இன்னும் உருகுவார். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பிஸ்கட், நமுத்துப்போன கைமுறுக்கைத் திரும்பச் சூடாக்குவது, சாமை தினை மாவில் செய்யும் குக்கீஸ், பஃப்ஸ் என்று மொறுமொறுப்பு வேண்டிய எதற்கும் அந்த ஈரம் எதிரி. சுடரும் அடியில் மட்டும் இருப்பதால் அடி சீக்கிரம் சிவந்து மேலே வெளுத்து நிற்கும். நடுவில் ஒருமுறை டிரேயைத் திருப்பி வைக்க வேண்டும்.

கரண்ட் ஓவனில் மேலும் கீழும் எலிமெண்ட், பின்னால் விசிறி. இரண்டு மூன்று டிரே பிஸ்கட்டை ஒரே நேரத்தில் வைத்து ஒரே சிவப்பில் எடுக்கலாம். ரொட்டிக்கு ஈரம் வேண்டும் என்றால் கீழ்த்தட்டில் ஒரு தட்டு கொதிநீர் வைத்தால் போதும். கரண்ட் ஓவனில் ஈரத்தைச் சேர்க்க முடியும். கேஸ் ஓவனிலிருந்து ஈரத்தை எடுக்க முடியாது. என் தராசு கரண்ட் பக்கம் சாய்வதற்கு இது பெரிய காரணம்.

குறைந்த சூட்டிலும் கரண்ட்தான் முந்துகிறது. பெரும்பாலான கேஸ் ஓவன்கள் 140, 150 டிகிரிக்குக் கீழே நிலையாக நிற்காது. கரண்ட் ஓவன் 50 டிகிரியிலிருந்து தொடங்கும். சேலத்துக்காரருக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. ஏற்காட்டில் டிசம்பர், ஜனவரியில் இட்லி மாவு பொங்க வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ராத்திரி கரைத்து வைத்த மாவு மறுநாள் மத்தியானம் வரை அசையாமல் கிடக்கும். ஓவனைச் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு, மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்து மூடினால் காலைக்குள் பொங்கிவிடும். அந்த 25 வாட் பல்பின் சூடே போதும். தயிரும் அப்படியே உறையும். பன் மாவும் அப்படியே.

காபித் தோட்டக்காரர்கள் வீட்டுக்கு வேண்டிய கொட்டையை ஓவனில் வறுக்க ஆசைப்படுவதுண்டு. 200 டிகிரியை ஒட்டித்தான் கொட்டை படபடவென்று வெடிக்கத் தொடங்கும். ஒரே அடுக்காக ஓட்டையுள்ள தட்டில் பரப்பி, விசிறியோடு கரண்ட் ஓவனில் வைத்தால் ஓரளவு சீராக வறுபடும். புகை நிறைய வரும், சிமினியை முழு வேகத்தில் ஓடவிட வேண்டும். கேஸ் ஓவனில் இதைச் செய்ய வேண்டாம். உதிரும் தோல் காகிதம்போல லேசானது, சுடரில் விழுந்தால் பற்றிக்கொள்ளும்.

செலவைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள். எனக்கு அது முடிவு செய்யும் அளவுக்கு முக்கியமாகப் படவில்லை. முன்சூடாக்கி, 180 டிகிரியில் முக்கால் மணி நேரம் ஒரு கேக் சுட்டால் கரண்ட் ஓவன் ஒன்றேகால் யூனிட் வரை எடுக்கும். சூடு ஏறியதும் தெர்மோஸ்டாட் விட்டு விட்டுத்தான் எலிமெண்டைப் போடும் என்பதால், 3,000 வாட் என்று பயப்பட வேண்டியதில்லை. அதே கேக்குக்கு கேஸ் ஓவன் சுமார் 150 கிராம் எரிக்கலாம். 14.2 கிலோ சிலிண்டர் 900 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால் ஒன்பது, பத்து ரூபாய். கரண்டில் யூனிட் ஆறு ரூபாய்ப் படியில் இருக்கும் வீட்டுக்கு எட்டு ரூபாய்க்குள். பத்து ரூபாய்ப் படிக்குப் போன வீட்டுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று. வாரம் இரண்டு முறை சுட்டாலும் இரண்டு மாத பில்லில் இருபது யூனிட் சொச்சம்தான் கூடும். ஒரே ஒரு எச்சரிக்கை: கோடையில் ஏ.சி. ஓடி ஏற்கெனவே 500 யூனிட்டை நெருங்கும் வீடு என்றால், அந்தக் கோட்டைத் தாண்டியதும் 101 முதல் 200 யூனிட் வரை கிடைக்கும் குறைந்த விலை போய்விடும். அந்த மாதங்களில் இருபது யூனிட்டுக்கும் மதிப்பு உண்டு. கேக் விற்கிறவர்களுக்குக் கணக்கே வேறு: வீட்டு சிலிண்டரில் வியாபாரம் செய்யக் கூடாது, 19 கிலோ வணிக சிலிண்டர் எடுக்க வேண்டும்.

சேலத்துச் சித்திரை வெயிலில் சமையலறைக்குள் இன்னொரு சூட்டைக் கொண்டுவருவது யாருக்கும் பிடிக்காது. கரண்ட் ஓவன் சுற்றிலும் காப்பு வைத்து மூடியது, புகைபோக்கி வழி கிடையாது. அதனால் அறைக்குள் வரும் சூடு குறைவு. கேஸ் ஓவனின் சூட்டில் நல்ல பங்கு எரிந்த புகையோடு அறைக்குள்தான் வருகிறது. ஏற்காட்டில் அதையே வரவேற்பார்கள்.

மலையில் கரண்ட் ஓவனுக்கு ஒரு தனிப் பகை ஈரப்பதம். எலிமெண்டின் உலோகக் குழாய்க்குள் அடைத்திருக்கும் வெள்ளைப் பொடி, மாதக்கணக்கில் ஓவனைப் போடாமல் விட்டால், மழைக்காலத்துக் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் ஒருநாள் போட்டதும் வீட்டின் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) டிரிப் ஆகும். ஓவன் கெட்டுவிட்டது என்று நினைத்து ஆளைக் கூப்பிடுவார்கள். எலிமெண்ட் உலர்ந்ததும் சரியாகிவிடும். டிரிப் ஆகிறதே என்று ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிடச் சொல்கிறவரின் பேச்சைக் கேட்காதீர்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஓவனை வெறுமனே சூடாக்கினால் இந்தத் தொல்லையே வராது.

கரண்ட் போவதைப் பற்றி. சேலத்தில் மாதாந்திரப் பராமரிப்புக்கு என்றைக்கு நிறுத்துவார்கள் என்று முன்பே அறிவித்துவிடுகிறார்கள். அன்றைக்குக் கேக் சுடாமல் இருந்தால் போயிற்று. திடீரென்று போனாலும், கதவைத் திறக்காமல் விட்டால் உள்ளே இருக்கும் சூட்டிலேயே பாதிக்கு மேல் வெந்த கேக் தேறிவிடும். முதல் இருபது நிமிடத்தில் போனால்தான் அமிழும். கரண்ட் வந்ததும் டிஜிட்டல் கடிகாரம் உள்ள பல மாடல்கள் நேரத்தைச் செட் செய்யும் வரை ஓடாது. குமிழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ரிப்பேர் என்று முடிவு கட்டாதீர்கள். மலையில் மரம் விழுந்து லைன் அறுந்தால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. அந்த மாதிரி நாட்களில் சிலிண்டர் லாரியும் ஏறாது. ஏற்காட்டில் கேஸ் வைத்திருப்பவர்கள் இரண்டு சிலிண்டர் இணைப்பு வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

கரண்டை நம்ப முடியாது என்றே கேஸ் ஓவன் வாங்குகிறவர்கள் கடையில் ஒன்றைக் கட்டாயம் கேட்க வேண்டும்: கரண்ட் இல்லாதபோது தீக்குச்சியால் பற்றவைக்க முடியுமா? உள்ளே விசிறியும் எலக்ட்ரானிக் கண்ட்ரோலும் உள்ள சில கேஸ் ஓவன்கள் கரண்ட் இல்லாமல் பற்றவே பற்றாது. அப்படி ஒன்றை வாங்கினால் இரண்டு பக்கத்துச் சங்கடமும் வந்து சேரும். சுடர் அணைந்தால் கேஸைத் தானாக நிறுத்தும் சேஃப்டி வால்வு ஓவன் பர்னருக்கு இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. இல்லை என்றால் அந்த மாடலை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

மாதம் ஒரு கேக், எப்போதாவது பீட்சா என்றால் இந்த இரண்டுமே வேண்டாம். 30, 40 லிட்டர் ஓ.டி.ஜி., அதாவது பதிக்காமல் பிளக்கில் சொருகும் சின்ன கரண்ட் ஓவன் ஒன்றை மேடை மேல் வைத்துக்கொண்டால் வேலை முடிந்தது. வாட்டும் குறைவு, மலை வோல்டேஜிலும் ஓரளவு தாங்கும்.

என் வீட்டில் கரண்ட் ஓவன் பதித்தோம்; புது லைன் இழுத்து, எர்த் குழியைச் சரிசெய்த பிறகு. தங்கை கடைசி வரை, "அக்கா, உங்க வீட்டு மாதிரியே உள்ளே பதிச்சுட்டா எவ்வளவு அழகா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டு ஒயரை மாற்றியும் சாயந்திரத்தில் மீட்டருக்கே 196-க்கு மேல் வராத லைனில் அவளை அதற்குள் தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஜன்னலை ஒட்டி ஒரு கேஸ் ரேஞ்ச் வந்தது. மாவு பொங்க வைக்கவும் குக்கீஸுக்கும் ஒரு சின்ன ஓ.டி.ஜி. லைன் சரியானால் பின்னால் கரண்ட் ஓவன் பதிக்க வசதியாக, ஓர் உயர அலமாரியில் இடம் மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள்.

அந்த இடத்துக்கான அளவைச் சொல்லி முடிக்கிறேன், ஏனென்றால் ஆசாரியிடம் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். பெரும்பாலான பில்ட்-இன் ஓவன்கள் 60 சென்டிமீட்டர் அகல அலமாரியில், உள்ளளவு 56 சென்டிமீட்டர் அகலமும் 60 சென்டிமீட்டர் உயரமும் உள்ள கூட்டுக்குள் உட்காரும்; ஆழம் 55, 56 வேண்டும். நம் ஊர்ச் சமையல் மேடை இரண்டடி ஆழம், அதாவது 60 சென்டிமீட்டர், ஆழம் கிடைத்துவிடும். மேடைக்கு அடியில் கடப்பா கல் தடுப்பு நிறுத்தியிருந்தால் அகலம் கிடைக்காது, கல்லை நகர்த்த வேண்டியிருக்கும்; கல்லை அறுத்து ஒட்ட வைக்கும் யோசனைக்கு இடம் கொடுக்காதீர்கள், மேலே இருக்கும் கிரானைட்டை அதுதான் தாங்குகிறது. பலகை நீர் தாங்கும் பிளைவுட்டாக இருக்கட்டும், பார்ட்டிக்கிள் போர்டு வேண்டாம். கூட்டின் பின்பலகையை முழுதாக அடைக்காமல் காற்றுக்கு வழி விடச் சொல்லுங்கள். பிளக்கை ஓவனுக்கு நேர் பின்னால் வைக்காமல் பக்கத்து அலமாரிக்குள், கை எட்டும் இடத்தில் வையுங்கள். ஓவன் முழுதாக உள்ளே போகும், அவசரத்துக்கு ஸ்விட்சை அணைக்கவும் முடியும்.